தரவும் கொடையும்: சூழலறி கணிமை குறித்து ஓர் இலக்கண நோக்கு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சூழலறி கணிமை. கைப்பேசி, கையில் அணியும் கடிகாரம், பேருந்து, விளக்குக் கம்பம், வீட்டுக் கதவு என எங்கும் பரவியிருக்கும் சிறு கணினிகள், தம்மைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கின்றனர், எப்பொழுது இருக்கின்றனர், அவர்தம் அருகில் யார் உளர் என்பவற்றைத் தாமே உணர்ந்து, அதற்கேற்பத் தம் செயலை மாற்றிக்கொள்ளும் முறைக்கு அப்பெயர். இது பொறியாளர்தம் துறையாயிற்றே, மொழியியலாருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் பொறியாளர் அல்லோம், உண்மைதான். ஆயினும் சூழல் என்பது மொழி ஆராய்ச்சியின் பழஞ்சொத்து. பேசுவோன் யார், கேட்போன் யார், எங்கு, எப்பொழுது, எதன்பொருட்டு என்று தெரியாமல் எந்த வாக்கியத்துக்கும் முழுப்பொருள் கூற இயலாது. இதைத் தமிழிலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்து எழுதியுள்ளனர். அவர்கள் கருதியவற்றுள் இயந்திரம் எதைக் கற்றுக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

ஆங் மோ கியோவில் கூடியிருக்கிறோம். ஆகவே இவ்வூரிலிருந்தே தொடங்குவோம். 1970களில் வீவக அடுக்குமாடிகள் எழத் தொடங்கிய ஊர் இது. சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் சேவை 1987 நவம்பர் 7 அன்று தொடங்கியபோது திறக்கப்பட்ட ஐந்து நிலையங்களுள் ஆங் மோ கியோவும் ஒன்று. அக்காலத்தில் இளந்தம்பதியராய் இங்குக் குடிவந்தோர் பலர் இன்று கைத்தடியூன்றி நடக்கும் மூத்தோர். அவர்கள் சாலையைக் கடக்கும் இடங்கள் சிலவற்றில், வழக்கமான பொத்தானோடு ஓர் அட்டை வருடியும் பொருத்தப்பட்டிருக்கும். மூத்தோருக்கான சலுகை அட்டையை அதன்மேல் வைத்தால், பச்சை மனிதன் வழக்கத்தைவிடச் சில நொடிகள் கூடுதலாக நின்று ஒளிர்வான். சாலையின் அகலத்துக்கேற்ப அக்கூடுதல் 3 நொடி முதல் 13 நொடி வரை அமையும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2009இல் அறிமுகப்படுத்திய 'கிரீன் மேன் பிளஸ்' என்னும் ஏற்பாடு இது.

எளிய கருவிதான். ஆனால் சூழலறி கணிமையின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது. கம்பம் அறிய வேண்டியது ஒன்றே: கடக்க நிற்பவர் மெல்ல நடப்பவர். அவர் பெயரோ, எங்குப் போகிறார் என்பதோ, நேற்று எங்கிருந்தார் என்பதோ அதற்கு வேண்டுவதில்லை. அறிவிப்பவரும் அவரே, அட்டையை எடுக்காமல் பிறரைப் போலவே கடக்கவும் அவர்க்கு உரிமை உண்டு. பயன் கண்ணெதிரே கிடைக்கிறது. சில நொடிகளில் முடிந்தும் விடுகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொன்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

இனி, சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'என்விரான்மெண்ட்' என்றும் 'கான்டெக்ஸ்ட்' என்றும் இருவேறு சொற்களால் குறிப்பனவற்றை இன்றைய தமிழில் சூழல் என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். முன்னது சுற்றியிருப்பது: வெப்பம், ஒளி, ஓசை, இடம். பின்னது பொருளைத் தீர்மானிப்பது. முன்னதைக் கருவியால் அளக்கலாம். பின்னதை அளக்க முடியாது, உய்த்துணரத்தான் முடியும். தொல்காப்பியர் இவ்விரண்டாவதற்குச் சார்பு என்னும் சொல்லை ஆள்கிறார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்குமிடத்து, அதனோடு வரும் வினையாலும், அதன் இனத்தாலும், சார்பாலும் உரிய பொருள் தெளிவாகும் என்பது கிளவியாக்கம் கூறும் விதி. உரையாசிரியர்கள் காட்டும் சான்று மாணவர்களுக்குப் பிடிக்கும். 'மா' என்பது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் வினையால் மரம் என்று தெரியும். மாவையும் மருதையும் சேர்த்துச் சொன்னால் இனத்தால் மரம் என்று தெரியும். கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மா கொண்டுவா என்றால்? அவன் கேட்பது குதிரை. அவன் உடலில் அணிந்திருப்பதைப் பார்த்து, அவன் வாய்ச்சொல்லின் பொருளைக் கேட்போன் துணிகிறான். இக்காலத்துக் கைக்கடிகாரம், அணிந்திருப்பவர் ஓடுகிறாரா, உறங்குகிறாரா என்று அறிந்து அதற்கேற்பச் செய்தியைக் காட்டுவதும் மறைப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே.

தொல்காப்பியத்தில் கணினி இருந்தது என்று கூற நாம் வரவில்லை. அத்தகைய பேச்சு தொல்காப்பியருக்கும் பெருமை சேர்க்காது, கணினிக்கும் பயன்படாது. ஒரே சிக்கலை இருவேறு காலத்தார் இருவேறு தேவைக்காக எண்ணிப் பார்த்துள்ளனர் என்பதே நாம் சொல்வது.

பொறியாளர்கள் இச்சிக்கலுக்கு வந்துசேர்ந்த வழி சுருக்கமானது. அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர், 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கணினி மேசையைவிட்டு இறங்கி, நாம் கவனிக்காத அளவுக்கு அன்றாடப் பொருள்களோடு கலந்துவிட வேண்டும் என்றார். ஏறத்தாழ அக்காலத்திலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலியோர் ஒரு சட்டைவில்லையை உருவாக்கினர். அணிந்திருப்பவரின் அடையாளத்தை 15 நொடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியால் அது அறிவிக்கும். அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பை, அவர் அப்போது இருக்கும் அறைக்கே திருப்பி அனுப்புவதற்கு அஃது உதவிற்று. 1994இல் பில் ஷிலிட், நார்மன் ஆடம்ஸ், ராய் வான்ட் ஆகிய மூவரும் சூழலை மூன்றாகப் பகுத்தனர்: எங்கே இருக்கிறோம், யாரோடு இருக்கிறோம், அருகில் என்னென்ன உள்ளன. பின்னர் அனிந்த் டே என்பார் அதை விரித்து, பயனருக்கும் கருவிக்கும் இடையிலான செயலுக்குத் தொடர்புடைய எந்தத் தகவலும் சூழலே என்றார். அவ்வரையறை பரந்தது, பரந்தது என்பதே அதன் குறையும்கூட. எல்லாமே சூழலானால், எல்லாவற்றையும் திரட்டலாம் என்றாகிவிடும்.

நம் பொருளிலக்கணச் சொற்களில் கூறினால், இயந்திரம் முதற்பொருளை நன்கு கற்றுவிட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். செயற்கைக்கோளும் கடிகாரமும் இருந்தால் அவ்விரண்டும் கிடைத்துவிடும். சிங்கப்பூரின் மின்னியல் சாலைக் கட்டணமே சான்று. 1975இல் காகித உரிமமும் காவலர் கண்ணுமாய்த் தொடங்கிய ஏற்பாடு, 1998இல் மின்னியல் வளைவுகளாயிற்று. இடத்துக்கும் வேளைக்கும் ஏற்பக் கட்டணம் மாறும். பெரும்பாலும் முதற்பொருளைக்கொண்டே இயங்கும் ஒழுங்கு என்பதால் அது நன்கு நடக்கிறது.

ஆனால் உரிப்பொருள்? இங்குள்ள எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்க் குடும்பத்துத் திருமணம். நாற்காலிகள், மேசைகள், உணவு, நூறு பேர், பேச்சொலி. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் சீனக் குடும்பத்தின் துக்கம். நாற்காலிகள், மேசைகள், உணவு, நூறு பேர், பேச்சொலி. இடமும் பொழுதும் கூட்டமும் ஏறக்குறைய ஒன்றே. கைப்பேசியின் உணர்கருவிகளுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மின்தூக்கியிலிருந்து இறங்கும் பத்து வயதுச் சிறுவனுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே அவன் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

தமிழின் அன்றாட வழக்கே இயந்திரத்துக்கு நல்ல சோதனை. வீட்டைவிட்டுப் புறப்படும் தமிழர் போகிறேன் என்று சொல்வதில்லை. வருகிறேன் என்றே சொல்வார். வாசற்படியில் நின்று பாட்டியிடம் 'வரேன்' என்று பேரன் சொன்னதும், குரலறியும் வீடு ஒருவர் வந்துவிட்டார் என்று எண்ணிக் குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டால் அது வீட்டின் குற்றமன்று. அதற்குச் சொல் தெரியும், சார்பு தெரியாது. நீ, நீங்கள் என்பவற்றுள் எதைச் சொல்வது என்பதும் அத்தகையதே. முதியவர் ஒருவர்க்கு மருந்து வேளையை நினைவூட்டும் கருவி 'மருந்து சாப்பிடு' என்று ஏவினால், செய்தி சரி; முறை தவறு. யார் யாரிடம் கேட்கிறார் என்பதைக்கொண்டே சொல் அமையும் என்பதைத் தொல்காப்பியரும் எச்சவியலில் காட்டுகிறார். இரந்து கேட்கும்போது தாழ்ந்தோன் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தோன் கொடு என்பான். வேண்டும் பொருள் ஒன்றே. உறவு வேறு, ஆகவே சொல்லும் வேறு.

இந்தத் தா, கொடு என்னும் இரு வினைகளில்தான் இன்றைய உரையின் கரு இருக்கிறது. சற்றே நின்று நோக்குவோம்.

செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் ஆகிய நான்கையும் கிளவியாக்கம் ஒன்றாக எடுத்துப் பேசுகிறது. அவற்றுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். பேசுவோனும் கேட்போனும் ஒரு வட்டத்தினுள் இருக்கின்றனர். பொருள் அவ்வட்டத்துக்குள் வந்தால் தரவு. வட்டத்தைவிட்டு வெளியே மூன்றாமவனிடம் சென்றால் கொடை. மலையாளம் இன்றும் இவ்வேறுபாட்டைக் கண்டிப்பாகக் காக்கிறது. 'தருக' வேறு, 'கொடுக்குக' வேறு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'தா' வலிமையோடு வாழ்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சிலும் நம் சிங்கப்பூர்ப் பேச்சிலும் 'எனக்குக் குடு', 'அவனுக்குக் குடு' என்று ஒரே வினை பெரும்பாலும் இரண்டிடத்தும் புகுந்துவிட்டது. மொழி மாறுவது இயல்பு. அதற்காக நாம் வருந்தவில்லை. எழுத்துத் தமிழில் அவ்வேறுபாடு இன்னும் உயிரோடு இருப்பது நமக்கு இங்கே பயன்படுகிறது.

ஏனெனில் ஆங்கிலத்து 'டேட்டா' என்பதற்குக் கணிமைத் தமிழில் நிலைபெற்றுவிட்ட சொல் தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அப்பெயர் உண்டு என்பதால் யாப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் முதலில் சற்றுத் தயங்கினாலும், சொல் ஊன்றிவிட்டது. அதன் வேரைக் கேட்டால் அது சொல்வது இதுதான்: தரவு என்பது முன்னிலைக்குத் தரப்பட்டது. நான் உனக்குத் தந்தது. நீ அதை வேறொருவனிடம் சேர்ப்பித்தால், அப்போது நிகழ்வது தரவு அன்று, கொடை. அதற்கு வேறு வினை வேண்டும். வேறு இசைவும் வேண்டும். ஒப்பந்த மொழியில் 'மூன்றாம் தரப்பினர்' என்று வருவதை இலக்கணத்தில் படர்க்கை என்கிறோம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதை இந்நாடு அண்மையில் கண்டது. கிருமித்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் சுகாதார அமைச்சும் டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டன. அது புளூடூத் அலையால் இயங்கியது. இரண்டு கைப்பேசிகள் அருகருகே இருந்தால், அவை மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிக அடையாளங்களைப் பரிமாறிக்கொள்ளும். எங்கே சந்தித்தனர் என்பதை அது பதியாது. யார் அருகில் யார் இருந்தனர் என்பதையே பதியும். பதிவு கைப்பேசியிலேயே மறைகுறியாக்கத்தோடு இருந்து, 25 நாள் கழிந்ததும் நீங்கிவிடும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மட்டும் அது சுகாதார அமைச்சுக்குச் செல்லும். ஷிலிட் முதலியோரின் மூன்று கேள்விகளுள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலாவதை வேண்டுமென்றே விட்டுவிட்ட வடிவமைப்பு அது. பொறியியல் நோக்கில் நாணயமான வேலை என்றே நாம் கருதுகிறோம். அதன் நெறிமுறையையும் நிரலையும் எவரும் பார்க்குமாறு வெளியிட்டதும் பாராட்டத்தக்கது.

கைப்பேசி இல்லாத மூத்தோருக்கெனச் சிறு கையடக்கக் கருவி வந்தது. கழுத்தில் நாடாவில் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்களை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பின்னர் சேஃப்என்ட்ரி வருகைப்பதிவும் இதனோடு இணைந்தது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள், தேக்கா சந்தையானாலும் ஆங் மோ கியோ கடைத்தொகுதியானாலும், இதனைக் காட்டாமல் உள்ளே போக இயலாத நிலை வந்தது. அட்டையைக் காட்டலாம், காட்டாமலும் கடக்கலாம் என்றிருந்த பச்சை மனிதனுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கே தொடங்குகிறது. தொற்றுக்காலத்தின் தேவை அது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டாம் வேறுபாடு சொல்லைப் பற்றியது. 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இத்தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று பொதுமக்களுக்கு உறுதி கூறினார். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் கேள்வி ஒன்றுக்கு விடையாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறை இத்தரவைப் பெற முடியும் என்பது தெரிவிக்கப்பட்டது. மறுநாள் அமைச்சர் அவைக்கு விளக்கம் அளித்தார். முன்பு உறுதி கூறியபோது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கு விசாரணையில் தரவு பயன்படுத்தப்பட்டதையும் கூறினார். மக்களிடையே எழுந்த கவலை சிறிதன்று. கவலைப்பட்டோருள் கொலையாளியைப் பிடிக்கக் கூடாது என்று எண்ணியவர் எவரும் இரார். பின் ஏன் கவலை?

மொழியியலார்க்கு அதன் விடை தெளிவு. இயந்திரம் பதிந்தது ஒன்றும் மாறவில்லை. அதே அடையாளங்கள், அதே அருகாமை, அதே 25 நாள். மாறியவை இரண்டு: கேட்போர், பயன். சுகாதார அமைச்சுக்குத் தந்தது காவல்துறைக்குக் கொடையாகும் என்பதைத் தந்தவர்கள் தரும்போது அறியவில்லை. நோயுற்றால் உதவும் என்பதற்காகச் சொன்ன செய்தி, குற்றவிசாரணையில் கேட்கப்படும்போது வேறு செய்தியாகிவிடுகிறது. ஒருவர் அருகில் நான் 15 நிமிடம் இருந்தேன் என்பது மருத்துவரிடம் ஒரு பொருளும், விசாரணை அதிகாரியிடம் வேறொரு பொருளும் தரும். சொற்கள் அவையே, சார்பு வேறு.

செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பன அடுத்தடுத்து வருகின்றன. அவ்வரிசையிலேயே பின்னர் முன்னம் என்றோர் உறுப்பு வருகிறது. இன்ன இடத்தில் இன்ன பேச்சு இன்னார் இன்னார்க்குச் சொல்லத் தக்கது என்னும் பொருத்தத்தைப் படிப்போர் உணருமாறு அமைப்பதே அதன் இலக்கணம். செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம் அது. தலைவி தோழியிடம் சொல்லத் தக்கதைச் செவிலியிடம் சொல்லாள் என்று வகுப்பில் விளக்குகிறோம். அமெரிக்க மெய்யியலார் ஹெலன் நிசன்பாம் 2004இல் எழுதிய கட்டுரையிலும் 2010இல் வெளிவந்த நூலிலும் தனிமறை பற்றிக் கூறியது இதற்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. தகவலை மூடி வைப்பதே தனிமறை என்று அவர் கொள்ளவில்லை. யாரைப் பற்றிய எவ்வகைத் தகவல், யாரிடமிருந்து யாருக்கு, எந்த நிபந்தனையோடு செல்கிறது என்பது அது பிறந்த சூழலின் வழக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்றார். மருத்துவரிடம் நோயைச் சொல்கிறோம். அதில் தனிமறை கெடுவதில்லை. அதே செய்தி முதலாளியின் காதுக்குப் போனால் கெடுகிறது. தோழிக்குச் சொன்னது செவிலிக்குப் போவதை இதனோடு வைத்துப் பாருங்கள்.

டிரேஸ்டுகெதர் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. அதன் பிற்பகுதியையும் சொல்வதே நேர்மை. 2021 பிப்ரவரி 2 அன்று நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் முதலிய ஏழு வகைக் கொடுங்குற்றங்களின் விசாரணைக்கு அன்றி வேறெதற்கும் தனிமனிதரின் தடமறிதல் தரவைப் பயன்படுத்தலாகாது என அது வரையறுத்தது. மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. தொற்றுக்காலம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்றும் கூறியது. 2023 பிப்ரவரியில் ஏற்பாடு முடிவுக்கு வந்து, மக்கள் தம் கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தனர். கேட்போர் யார், பயன் எது, காலம் எவ்வளவு என்னும் மூன்றும் சட்டத்தின் வாசகத்தில் எழுதப்பட்டுவிட்டன. அவை தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்பது நம் கருத்து. எழுதப்பட்டபின் அவ்வாசகம் தெளிவாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உலகில் எத்தனையோ செயலிகள் அவ்வளவுகூடச் சொல்வதில்லை.

அந்தச் செயலிகளைப் பற்றித்தான் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் நாள்தோறும் 'அனுமதி' என்னும் பொத்தானை அழுத்துகின்றனர். இருப்பிடத்துக்கு அனுமதி, ஒலிவாங்கிக்கு அனுமதி, தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி. அதன்மேல் உள்ள வாசகத்தை அவர்கள் படிப்பதில்லை. படித்தாலும் புரியாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. அவ்வாசகத்தைத் தமிழ் வகுப்புக்கு எடுத்துவாருங்கள். சான்றுக்கு நாமே ஒன்றைப் புனைந்து தருகிறோம்: 'சேவையை மேம்படுத்தும் பொருட்டு உங்கள் இருப்பிடத் தகவல் திரட்டப்படலாம், தேவைப்படின் பகிரப்படலாம்.'

கரும்பலகையில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என ஐந்து பத்திகள் வரையுங்கள். மாணவர்கள் நிரப்பட்டும். திரட்டுவது யார்? செயப்பாட்டுவினை வினைமுதலை மறைத்துவிட்டது. பகிர்வது யாரோடு? வாக்கியத்தில் இல்லை. தேவைப்படின் என்றால் யாருக்குத் தேவை? அதுவும் இல்லை. எவ்வளவு காலம் வைத்திருப்பர்? பத்தி வெறுமையாகவே நிற்கும். நிரம்பியிருப்பது பயன் ஒன்றுதான்; அதுவும் 'மேம்படுத்தல்' என்னும் எதையும் குறிக்காத தொழிற்பெயரால்.

அடுத்து, அதே செய்தியைச் செய்வினையில் மாற்றி எழுதச் செய்யுங்கள். இங்கே தமிழ் நமக்கு ஆங்கிலத்தைவிட நல்ல கருவி என்பது நம் துணிபு. ஆங்கிலத்து 'வீ' என்பதைத் தமிழாக்கும்போது நாம், நாங்கள் என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நாம் என்றால் கேட்போனும் உள்ளடக்கம். நாங்கள் என்றால் அவன் வெளியே நிற்கிறான். உங்கள் தரவைத் திரட்டுவது நாமா, நாங்களா? விளம்பரம் நாம் என்று உறவாடும். ஒப்பந்தம் நாங்கள் என்று விலகும். மாணவர்கள் இதை விரைவில் கண்டுகொள்வர். அதுபோலவே கொடு என்னும் வினையை வைத்து எழுதினால் 'கு' உருபு கேட்கும். நான்காம் வேற்றுமை இல்லாமல் கொடை முற்றுப்பெறாது. யாருக்கு என்னும் கேள்விக்கு விடை எழுதாமல் மாணவனால் வாக்கியத்தை முடிக்க முடியாது. அவன் முடிக்க முடியாமல் நிற்கும் இடத்தில், செயலியின் வாசகம் எதைச் சொல்லாமல் விட்டது என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

உயர்நிலை மாணவர்களுக்கு எச்சவியலின் இன்னொரு நுட்பத்தையும் காட்டலாம். கொடு என்பது படர்க்கைக்கு உரிய சொல்லாயிற்றே, உயர்ந்தோன் தனக்குக் கேட்கும்போது அது எப்படிப் பொருந்தும் என்னும் ஐயத்துக்குத் தொல்காப்பியர் விடை கூறுகிறார். அவன் தன்னையே வேறொருவன் போல வைத்துக் கேட்கும் குறிப்பு அது என்கிறார். நிறுவனங்கள் நம்மிடம் கேட்கும் நடையைக் கவனித்தால் அது அப்படியே இருக்கும். எனக்குத் தா என்று எதுவும் கேட்பதில்லை. சேவைக்கு, அமைப்புக்கு, கணக்குக்குக் கொடுக்கவும் என்றே கேட்கின்றன. கேட்பவர் அங்கே இல்லாதவர்போல் நிற்கிறார்.

உயர்தொடக்கக்கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு ஏற்பாடுகளை அருகருகே வைத்து அதே ஐந்து பத்திகளை நிரப்பச் சொல்லலாம். பச்சை மனிதனுக்கு ஐந்தும் ஒரே வரியில் நிரம்பிவிடும். டிரேஸ்டுகெதருக்குக் கேட்போர், பயன் ஆகிய இரு பத்திகளிலும் மூன்று நாள்களை எழுத வேண்டியிருக்கும்: 2020 மார்ச் 20, 2021 ஜனவரி 4, 2021 பிப்ரவரி 2. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அந்த இரு பத்திகளிலும் என்ன எழுதுவது என்பதை வகுப்பே விவாதித்து முடிவு செய்யட்டும். முதல் நாளுக்கு எதிரே 'சுகாதார அமைச்சு' என்று மட்டும் எழுதுவதா, சட்டம் அப்போதும் இருந்ததால் காவல்துறையையும் சேர்ப்பதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியக்கூடும். அப்படிப் பிரிந்தால் பாடவேளை போதாது, மறுநாளும் தொடரலாம்.

 இனி உங்கள் வினாக்களைக் கேட்போம்.